கோவையும் சமன்பாடும்: தமிழ்க் கணக்கு மரபும் கொங்கு நாட்டுக் கலைச்சொற்பணியும்

1. முன்னுரை

பள்ளிக் கணித நூலைத் திறப்பவர் ஒரே பக்கத்தில் இருவகை ஏவல்களைக் காண்பர். ஒன்று 'சுருக்குக' என்பது. மற்றொன்று 'தீர்க்க' என்பது. முன்னது கோவைக்கு உரியது. பின்னது சமன்பாட்டிற்கு உரியது. இவ்விரண்டையும் வேறுபடுத்தி உணராத மாணவன், கோவையைச் சமன்பாடாகக் கருதித் தீர்க்க முற்படுகின்றான். சில வேளைகளில் சமன்பாட்டைக் கோவை போலக் கருதி வெறுமனே சுருக்கி நிறுத்திவிடுகின்றான். இஃது எண்ணறிவின் குறையால் மட்டும் நேர்வதன்று. சொல்லின் பொருளறியாமையால் நேர்வது. ஆதலின் இது கணித ஆசிரியர்க்கு மட்டுமன்றித் தமிழாசிரியர்க்கும் உரிய ஆராய்ச்சியாகும்.

கோவை, சமன்பாடு என்னும் இவ்விரு சொற்களும் கணிதத்துள் எவ்வாறு இடம்பெற்றன, அவற்றிற்கு முன் தமிழ்க் கணக்கு நூல்கள் இவ்வேறுபாட்டை எங்ஙனம் கையாண்டன, இச்சொற்கள் மாணவர்க்கு உணர்த்துவன யாவை என்பனவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். இதற்குக் கொங்கு நாட்டைக் களமாகக் கொண்டமைக்குக் காரணம் உண்டு. அறிவியலைத் தமிழிற் கூறும் முயற்சியிற் பெரும்பங்கு இந்நாட்டினர்க்கும் இந்நாட்டில் வாழ்ந்தோர்க்கும் உரியது. 1898-இல் கோபிசெட்டிபாளையத்தில் தோன்றிய வைரவிழா உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்த ஒருவரே பின்னாளில் தமிழின் முதற் கலைக்களஞ்சியத்திற்கு முதன்மை ஆசிரியரானார். அவர் ம. ப. பெரியசாமித் தூரன். வகுப்பறைக்கும் சொல்லாக்கத்திற்கும் உள்ள தொடர்பை அவர் வாழ்க்கை ஒன்றே காட்டும்.

மேற்செல்லுமுன் ஒரு குறிப்பு. தெரியாத எண்ணைக் குறிக்கத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் எக்ஸ், ஒய் முதலிய உரோமன் எழுத்துகளையே ஆள்கின்றன. தமிழெழுத்தைக் கொள்ளின் ஓர் இடர்ப்பாடு உண்டு. க, உ, ச, எ, அ முதலியன பழந்தமிழ் எண்குறிகளோடு வடிவொப்புமை உடையன. 'க' என எழுதினால் அது தெரியாத எண்ணோ, ஒன்று என்னும் எண்ணோ என மயங்க நேரும். ஆதலின் அம்மயக்கத்திற்கு இடந்தராத 'ந' என்னும் எழுத்தை ஈண்டு ஆள்வோம்.

2. வேறுபாடு யாது?

3(ந + 2) − 2ந + 1 என்பது ஒரு கோவை. இதனைச் சுருக்கின் ந + 7 என நிற்கும். ந என்பது எவ்வெண்ணாயினும் முன்னைய வடிவின் மதிப்பும் பின்னைய வடிவின் மதிப்பும் ஒன்றே. ந ஐந்தாயின் இரண்டும் பன்னிரண்டு. ந நூறாயின் இரண்டும் நூற்றேழு. ஆகவே சுருக்குதல் என்பது மதிப்பு மாறாமல் வடிவை மட்டும் மாற்றுதல் என்க. இங்கே 'ந எத்துணை?' என்னும் வினா எழுவதற்கே இடமில்லை.

3(ந + 2) = ந + 14 என்பது ஒரு சமன்பாடு. இது ந பற்றி ஒன்றைக் கூறுகின்றது. அக்கூற்று எல்லா எண்களுக்கும் பொருந்துவதன்று; ந நான்காயின் மட்டுமே இருபுறமும் பதினெட்டாகிப் பொருந்தும். அப்பொருத்தமான எண்ணைக் காண்டலே தீர்த்தல்.

சமன்பாட்டுள்ளும் வகையுண்டு. 3(ந + 2) = 3ந + 6 என்பது எவ்வெண்ணிற்கும் மெய்யாதலின் 'முற்றொருமை' எனப்படும். ந + 2 = ந + 5 என்பது எவ்வெண்ணிற்கும் மெய்யாகாது; அதற்குத் தீர்வு இல்லை. மெய்யாதலும் பொய்யாதலும் சமன்பாட்டிற்கு உண்டு. கோவைக்கோ அவ்விரண்டும் இல்லை. 'ந + 7 என்பது மெய்யா?' என வினவின், அவ்வினாவே பொருளற்றது. கோவை எதனையும் கூறுவதில்லை. ஒன்றனைப் பெயரிட்டு நிறுத்துகின்றது. இவ்வடிப்படையை மனத்திற்கொண்டு மேல் ஆராய்வாம்.

3. பாசுகரர் நூலில் ஒரு சான்று

இந்திய நாட்டுக் கணித நூல்களுள் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுவது பாசுகரர் 1150-இல் இயற்றிய பீசகணிதம். தெரியாத எண்களை நிறப்பெயர்களால் குறிக்கும் வழக்கு அவருக்கு முன்னரே இருந்தது. 628-இல் நூல் செய்த பிரமகுப்தரிடத்தும் அது காணப்படுகின்றது. பாசுகரர் முதல் தெரியாவெண்ணை 'யாவத்தாவத்' என்பதன் முதலெழுத்தாகிய 'யா' என்பதாலும், தனியெண்ணை 'ரூபம்' என்பதன் முதலெழுத்தாகிய 'ரூ' என்பதாலும் குறித்தார்.

அவர் நூலமைப்பு நோக்கத்தக்கது. தெரியாவெண்களைக் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கித்தல், மூலங்காணல் என்னும் ஆறு செயல்களையும் முதற்கண் தனியே கூறுகின்றார். ஆங்கு எதனையும் தீர்க்குமாறு கேட்பதில்லை. ஓரினத்தவற்றைக் கூட்டலாம், கழிக்கலாம். வேறினத்தவற்றைத் தனித்தனியே நிறுத்தல் வேண்டும் என்பது ஆங்கு அவர் கூறும் விதி. சமீகரணம், அஃதாவது சமன்பாடு, நூலின் பிற்பகுதியிலேயே வருகின்றது. கோவையைக் கையாளும் பயிற்சி முன்னும் சமன்பாட்டைத் தீர்க்கும் நெறி பின்னுமாக அமைந்த வைப்புமுறை இது.

எழுதும் முறையிலும் இவ்வேறுபாடு புலனாகும். இன்று நாம் வழங்கும் சமக்குறி 1557-இல் இங்கிலாந்தில் இராபர்ட்டு ரெக்கார்டு என்பார் தம் நூலில் முதன்முதல் அச்சேற்றியது. நம் பண்டை நூலோர்க்கு அக்குறி இல்லை. அவர்கள் இருபுறங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக இரு வரிகளில் எழுதினர். மேற்காட்டிய சமன்பாடு அம்முறையில்,

யா 3 ரூ 6
யா 1 ரூ 14

என நிற்கும். தெரியாவெண்களின் வேறுபாடு இரண்டு. தனியெண்களின் வேறுபாடு எட்டு. எட்டை இரண்டால் வகுக்க நான்கு. 'யா 3 ரூ 6' என ஒரே வரி நின்றால் அது கோவை. அதன்கீழ் மற்றொரு வரி சமமெனச் சேர்ந்தால் சமன்பாடு. குறியில்லாதபோதும் கண்ணாற் கண்டு பிரித்தறியும் அமைப்பு அவர்களிடம் இருந்தது.

4. தமிழ்க் கணக்கு நூல்கள்

தமிழ்க் கணக்கு மரபு வேறு வழியில் வளர்ந்தது. திண்ணைப் பள்ளியிற் பயின்ற சிறார் எண்சுவடியை மனப்பாடம் செய்தனர். அதன்மேல், காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம், நாவிலிப் பெருமாள் இயற்றிய ஆஸ்தான கோலாகலம் முதலிய நூல்கள் வழங்கின. கணக்கதிகாரம் நிலம், பொன், நெல், அரிசி, கால், கல் என்னும் பொருள்களை ஒட்டியும் பொதுவாகவும் கணக்குகளை வகுக்கின்றது. அளக்கவும் நிறுக்கவும் பகுக்கவும் வேண்டிய வாழ்க்கைத் தேவையே அந்நூல்களின் வகைப்பாட்டிற்கு அடிப்படை. தெரியாவெண்ணிற்கு ஓர் எழுத்தை இட்டுக் கோவையாக்கிக் கையாளும் முறை அவற்றில் இல்லை. எனினும் கோவையின் தன்மையும் சமன்பாட்டின் தன்மையும் அவற்றில் இல்லையெனல் ஒல்லாது.

முதற்கண் சுருக்குதலை நோக்குவோம். தமிழர் பின்னங்களைத் தனித்தனிப் பெயரிட்டு வழங்கினர். முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒன்று. நான்கு முந்திரி ஒரு காணி. நான்கு காணி ஒரு மா. ஐந்து மா ஒரு கால். மூன்று மாவும் இரண்டு காணியும் சேர்ந்தால் ஐந்து எனக் கூறுவார் எவருமிலர். மாவும் காணியும் வேறினம். மூன்று மாவைப் பன்னிரண்டு காணியாக்கிய பின்னரே இரண்டு காணியைக் கூட்டிப் பதினான்கு காணி என்பர். அன்றி இரண்டு காணியை அரைமாவாக்கி மூன்றரை மா என்பர். ஒத்த உறுப்புகளையே கூட்டலாம் என இன்றைய பாடநூல் கூறும் விதியைத் திண்ணைப் பள்ளிச் சிறுவன் சொல்லின் வாயிலாகவே அறிந்திருந்தான். 'முக்கால்' என்னும் சொல்லே இதற்குச் சான்று. அரையும் காலும் கூடியதை நாம் முக்கால் என்கின்றோம். அஃதாவது அரையை இரண்டு காலாகக் கொண்டு, மூன்று கால் என எண்ணுகின்றோம். சுருக்குதல் இச்சொல்லுள்ளேயே நிகழ்ந்து முடிந்துவிட்டது.

இரண்டாவதாக, விதிகளை நோக்குவோம். வட்டத்தின் சுற்றளவைக் காணத் தமிழ்க் கணக்கு மரபில் வழங்கும் விதியொன்று, விட்டத்தை ஏழு கூறாக்கி, அவற்றுள் நான்கு கூற்றை விட்டத்தோடு சேர்த்து, வந்ததை இரட்டிக்கச் சொல்கின்றது. விட்டம் பதினான்காயின் ஒரு கூறு இரண்டு. நான்கு கூறு எட்டு. விட்டத்தோடு சேர இருபத்திரண்டு. இரட்டிக்க நாற்பத்து நான்கு. இதனைக் கோவையாக எழுதின் 2(ந + 4ந/7) ஆகும். சுருக்கின் 22ந/7. நம் பள்ளி மாணவர் கற்கும் வாய்பாடும் இதுவே. ஆயின் அம்மரபினர் இவ்விதியை 'விட்டத்தை இருபத்திரண்டால் பெருக்கி ஏழால் வகுக்க' எனச் சுருக்கிக் கூறாது, கைகளாற் கூறிட்டுச் சேர்க்கும் வரிசையிலேயே கூறியது ஏன் எனின், அவர்களுக்கு வேண்டியது செய்முறை, வடிவம் அன்று. ஏழிலொரு கூறு, நான்கு கூறு, இரட்டி என்பன கயிற்றை மடித்தும் செய்யக்கூடியன. சுருங்கிய வடிவே எப்பொழுதும் சிறந்ததென்று கொள்ளுதல் வேண்டா என்பதனையும் இவ்விதி நமக்கு அறிவுறுத்துகின்றது. இரு வடிவங்களும் மதிப்பால் ஒன்று, பயனால் வேறு.

இத்தகைய இன்னொரு விதி, அரைச் சுற்றளவை அரை விட்டத்தால் பெருக்க வட்டத்தின் பரப்பு வருமென்பது. பெருக்குதலை அம்மரபினர் 'தாக்குதல்' என்றனர். பரப்பைக் 'குழி' என்றனர். பலாப்பழத்தின் காம்பருகே உள்ள முட்களை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்துச் சுளையின் தொகையைக் கூறும் கணக்கும் இவ்வகையதே. எண் எதுவாயினும் இடுக, விடை வரும் என்பதே இவ்விதிகளின் அமைப்பு. எனவே இவை பெயரிடப்பெறாத கோவைகள் எனலாம்.

மூன்றாவதாக, விளைவைக் கூறி முதலை வினவும் கணக்குகள். இவ்வகையை விளக்க அந்நூல்களின் போக்கில் யாமே ஒரு கணக்கை அமைப்போம். கொடிவேரி அணையிலிருந்து நீர்பெறும் கோபிசெட்டிபாளையத்து வயலொன்றின் களத்தில் நெற்குவியல் உள்ளது. அக்குவியலின் அரையும் காலும் சேர்த்து முப்பத்தாறு வள்ளம் ஆயின் குவியல் எத்துணை? அரையும் காலும் முக்கால். முக்கால் முப்பத்தாறாயின் கால் பன்னிரண்டு. முழுமை நாற்பத்தெட்டு வள்ளம். எழுதுகோலும் வேண்டாது உழவர் மனத்தாற் காணும் விடை இது.

இச்சிறு கணக்கினுள் நாம் தேடும் வேறுபாடு முழுவதும் அடங்கியுள்ளது. 'குவியலின் அரையும் காலும்' என்பது மட்டும் கூறி நிறுத்தின், அதனை முக்கால் எனச் சுருக்கலாம்; குவியல் எத்துணை எனக் கூறவியலாது. 'முப்பத்தாறு வள்ளம் ஆயின்' என்பது சேர்ந்த பின்னரே வினா பிறக்கின்றது, விடையும் பிறக்கின்றது. முன்னது கோவை, பின்னதனோடு கூடியது சமன்பாடு. தீர்க்கும் வழியிலும் முதற்படி சுருக்குதலேயாம் என்பதும் ஈண்டு அறியத்தக்கது.

5. இலக்கணம் காட்டும் நெறி

தமிழிலக்கணம் பயின்றோர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. 'செந்நெல் விளையும் வயல்' என்பது தொடர். ஆயினும் முற்றுப்பெற்ற கூற்று அன்று. 'வயலில் செந்நெல் விளையும்' என்பது எழுவாயும் பயனிலையும் அமைந்த கூற்று. முன்னதை மெய்யென்றோ பொய்யென்றோ கூறவியலாது, பின்னதைக் கூறலாம். கோவை பெயர்த்தொடரை ஒக்கும். சமன்பாடு பயனிலை கொண்டு முடிந்த தொடரை ஒக்கும். சமக்குறியே ஆண்டுப் பயனிலையைக் கொணரும் உறுப்பு.

இங்குத் தமிழுக்கே உரிய ஒரு நுட்பம் உண்டு. எழுவாய் ஏற்கும் பயனிலைகளைத் தொல்காப்பியர் ஆறாக வகுத்தார். வினை கொண்டு முடிதல், வினாக் கொண்டு முடிதல், வியங்கோள் கொண்டு முடிதல் என்பனவற்றோடு, பெயரே பயனிலையாய் நிற்றலையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். 'அவன் உழவன்' என்புழி இரு பெயர்கள் அடுத்து நின்று கூற்றாகின்றன; இடையே வினைச்சொல் இல்லை. எண்சுவடி முழுவதும் இவ்வமைப்பினதே. 'ஈரெட்டு' என்பது தொடர்ப்பெயர், அஃதாவது கோவை. 'ஈரெட்டு பதினாறு' என்பது பெயர்ப்பயனிலை கொண்ட கூற்று, அஃதாவது சமன்பாடு. இரண்டிற்கும் இடையே ஒலியளவில் இருப்பது சிறு நிறுத்தம் ஒன்றே. ஏனைய மொழிகள் சில 'ஆகும்' என்பதற்கு நேரான சொல்லை இடையே வேண்டி நிற்க, தமிழ் அஃதின்றியே அமைகின்றது. ஆதலின் பேச்சிற் பழகிய மாணவன் எழுத்திற்கு வருங்கால் சமக்குறியின் ஆற்றலை உணராது விடுதல் எளிது. கோவையின் பின்னர்ச் சமக்குறியைத் தானே இட்டுச் சுழியையும் சேர்த்துவிடுதற்கும் இஃது ஒரு காரணமாகலாம்.

6. சொல்லாக்க வரலாறும் கொங்கு நாடும்

எழுத்துக் கணிதத்தைத் தமிழில் நூலாக எழுதும் முயற்சி ஈழத்தில் முற்பட நிகழ்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவராகிய விசுவநாதபிள்ளை, அப்பட்டம் பெறுதற்கு முன்னரே, 1855-இல் 'வீசகணிதம்' என்னும் நூலை யாழ்ப்பாணத்தில் வெளியிட்டார். நூற்பெயர் பாசுகரர் வழியில் வந்தது. இன்றும் ஈழத்துப் பாடநூல்கள் இக்கலையை அட்சரகணிதம் என்றும், தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இயற்கணிதம் என்றும் வழங்குகின்றன.

தமிழகத்தில் உயர்நிலைப் பள்ளிக் கணிதம் நெடுங்காலம் ஆங்கில வழியிலேயே நடந்தது. அந்நிலையில் 1916-இல் சேலத்தில், ஆங்கு வழக்கறிஞராக இருந்த இராசகோபாலாச்சாரியார் முதலியோர் அறிவியற் கலைச்சொற்களுக்கெனத் தனிச் சங்கமொன்று நிறுவி, அதன் சார்பில் இதழும் நடத்தினர். சொல்லைத் தேடுவதற்கென்றே ஒரு கூட்டம் அமைந்தமை கருதத்தக்க செய்தி. இருபதாண்டுகளின் பின், 1936-இல், சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கூட்டிய சொல்லாக்க மாநாட்டிற்கு ஈழத்து விபுலானந்த அடிகள் தலைமை தாங்கினார். அச்சங்கத்தின் கலைச்சொற்கள் 1938-இல் நூலாக வெளிவந்தன. அதே இராசகோபாலாச்சாரியார் முதலமைச்சராக இருந்த 1937–39 காலத்தில் உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழிவழிக் கல்வி வலியுறுத்தப்பெற்றது. 1940-இல் அரசு சீனிவாச சாத்திரியார் தலைமையில் அமைத்த குழு வடசொற்பக்கம் சாய்ந்தது எனத் தமிழறிஞர் பலர் எதிர்ப்புக் காட்டினர்.

நாடு விடுதலை பெற்ற காலத்தில் மாகாணக் கல்வியமைச்சராக இருந்தவர் திருப்பூரிற் பிறந்த தி. சு. அவினாசிலிங்கம். அவர் முன்னின்று வளர்த்த தமிழ் வளர்ச்சிக் கழகமே கலைக்களஞ்சியப் பணியை மேற்கொண்டது. கோபிசெட்டிபாளையத்தும் பின்னர்ப் பெரியநாயக்கன்பாளையத்து இராமகிருட்டிண வித்தியாலயத்தும் ஆசிரியப் பணியாற்றிய தூரன் அதன் முதன்மை ஆசிரியராக அமர்ந்தார். 1954 முதல் 1968 முடியப் பத்துத் தொகுதிகளாக அது நிறைவெய்தியது. அகரவரிசையில் அமையும் களஞ்சியத்திற்கு ஒவ்வொரு பொருளையும் ஒரு தமிழ்த் தலைப்பின்கீழ் வைத்தே ஆகவேண்டும். ஏதேனும் ஒரு சொல்லைத் துணிந்து ஏற்றல் தவிர்க்கவியலாதது. கோவையிலிருந்து ஜி. ஆர். தாமோதரன் தோற்றுவித்த 'கலைக்கதிர்' இதழ் அறிவியலைத் திங்கள்தோறும் தமிழிற் கொணர்ந்து, அத்தகைய சொற்களைப் படிப்போர் நாவிற் பழக்கிற்று. பொள்ளாச்சிப் பகுதியினரான சி. சுப்பிரமணியம் கல்வியமைச்சராக இருந்தபொழுது, 1960-இல் கோவை அரசு கலைக்கல்லூரியில் தமிழ்வழிப் பட்டவகுப்பு தொடங்கப்பெற்றது.

இவ்வரலாற்றிற் பெரும்பாலும் பேசப்பட்டது சொல்லின் பிறப்பு: அது வடசொல்லா, தென்சொல்லா என்பது. அவ்வினா வேண்டாததன்று. ஆயினும் கலைச்சொல்லுக்கு மற்றொரு தேர்வும் உண்டு. ஒரு பொருளை அதனோடு மயங்கும் பிறிதொரு பொருளினின்று அச்சொல் பிரித்துக் காட்டுகின்றதா என்பதே அது. கலையின் பெயரில் ஈழமும் தமிழகமும் வேறுபட்டும், கோவை, சமன்பாடு என்னும் இரண்டிலும் ஒன்றுபட்டு நிற்கின்றன. இச்சொற்கள் அத்தேர்வில் வெற்றி பெற்றமையே இதற்குக் காரணமெனக் கருதலாம்.

7. சொற்பொருள்

கோவை என்பது கோத்தல் என்னும் வினையடியாகப் பிறந்த பெயர். முத்தும் மணியும் கோக்கப்பட்டது கோவை. அகப்பொருள் துறைகளை ஒழுங்குபடக் கோத்து நானூறு கட்டளைக் கலித்துறையால் அமையும் சிற்றிலக்கியத்திற்கும் அப்பெயர். கணிதத்துள் கூட்டற்குறியும் கழித்தற்குறியும் நூலாக, உறுப்புகள் மணிகளாக நிற்கின்றன. மணிகளை ஒழுங்குபடுத்தலாம், ஒத்தவற்றை ஒருங்கு சேர்க்கலாம். ஆயின் கோவையைப் பார்த்து 'இதற்கு விடை யாது?' என எவரும் கேளார். பெயரே பொருளின் தன்மையை உரைக்கின்றது.

அக்கோவையின் பகுதியை 'உறுப்பு' என்றதும் நம் இலக்கணத்திற்கு அயலானதன்று. செய்யுளின் உறுப்புகளை முப்பத்து நான்காக எண்ணியவர் தொல்காப்பியர். செய்யுள் உறுப்புகளால் ஆயது போலக் கோவையும் உறுப்புகளால் ஆயது.

உறுப்பின் முன்னிற்கும் எண்ணைத் தமிழகப் பாடநூல்கள் 'கெழு' என்கின்றன. தொல்காப்பிய உரியியலில் நிறம் என்னும் பொருள்தரும் உரிச்சொல் இது. சங்கச் செய்யுட்களில் ஒன்றோடொன்று பொருந்திய நிலையைக் காட்டவும் பெரிதும் வருவது. 5ந என்புழி ஐந்து தனித்து நிற்பதன்று; ந என்பதனோடு பொருந்தி நிற்பது. தெரியாவெண்களை நிறங்களால் பெயரிட்ட வடநூல் மரபையும், நிறப்பொருள் தரும் இச்சொல்லையும் ஒருங்குவைத்து நோக்குவார்க்கு வியப்பு விளையும். எனினும் இவ்விரண்டிற்கும் தொடர்புண்டெனத் துணிதற்குச் சான்றில்லை. தற்செயலான ஒப்புமை எனக் கொள்வதே முறை.

சமன்பாடு என்பது சமன், பாடு என்னும் இரு சொற்களாலாயது. நடுவுநிலைமை கூறும் அதிகாரத்தில் துலாக்கோலை உவமையாக்கும் இடத்துத் திருவள்ளுவர் 'சமன்' என்னும் சொல்லை ஆள்கின்றார். 'பாடு' என்பது 'படு' என்பதன் முதனிலை திரிந்த தொழிற்பெயர். ஆகவே இது சமன்படுதல் என்னும் நிகழ்வைக் குறிக்கும். துலாக்கோலின் இரு தட்டுகளில் ஒன்றிற் செய்ததை மற்றொன்றிலும் செய்தாலன்றிக் கோல் நேர்நில்லாது. இருபுறமும் ஒரே செயலைச் செய்தல் வேண்டும் என்னும் விதி இச்சொல்லிலேயே அடங்கியுள்ளது. கோவைக்கு இரண்டு தட்டு இல்லை. ஆதலின் அவ்விதி அதற்கு உரியதன்று.

8. சொல்லை மறந்தமையால் நேரும் பிழை

இவ்வுண்மையை மறத்தலால் நேரும் பிழைகளுள் இரண்டினை மட்டும் காட்டுவோம்.

ந/2 + ந/3 = 10 என்னும் சமன்பாட்டை இருபுறமும் ஆறால் பெருக்க 3ந + 2ந = 60 ஆகும்; ந பன்னிரண்டு. இது முறையான செயல். ந/2 + ந/3 என்னும் கோவையைச் சுருக்குமாறு கேட்டவிடத்தும் மாணவன் அதே பழக்கத்தால் ஆறால் பெருக்கி 5ந என எழுதுகின்றான். கீழ்வாய் மறைந்துவிட்டது; மதிப்பு ஆறு மடங்காகிவிட்டது. சரியான விடை 5ந/6. ஒரு தட்டே உள்ள இடத்தில் இரு தட்டிற்குரிய செயலைச் செய்தமையே பிழை. 'இது கோவை; மதிப்பு மாறலாகாது' என்னும் ஒரே நினைவு அவனைக் காத்திருக்கும்.

மற்றொன்று, 3 + 4 = 7 + 5 = 12 எனத் தொடர்ந்து எழுதுதல். மூன்றும் நான்கும் ஏழு, ஏழும் ஐந்தும் பன்னிரண்டு என வாயாற் கூறும்போது இதில் வழுவில்லை, ஒவ்வொன்றும் தனிக்கூற்று. எழுத்தில் அக்கூற்றுகளை ஒட்டியபொழுது மூன்றும் நான்கும் பன்னிரண்டுக்குச் சமமாகிவிடுகின்றது. சமக்குறியை 'விடை இதோ' எனச் சுட்டும் குறியாகக் கொண்டானேயன்றிச் சமன்படுதலைக் கூறும் குறியாகக் கொண்டிலன். எண்சுவடியின் நிறுத்தத்திற்கும் ஏட்டின் சமக்குறிக்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியர் ஒருமுறை எடுத்துக்காட்டின் இப்பிழை நீங்கும்.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். தமிழ்க் கணக்கு மரபு எழுத்தைக் கொண்டு கோவை அமைக்கவில்லை. ஆயினும் இனம் ஒத்தவற்றைச் சேர்த்துச் சுருக்குதலும், விளைவிலிருந்து முதலைத் தேடித் தீர்த்தலும் அம்மரபில் வேறு வேறாகவே நின்றன. பாசுகரர் அவ்வேறுபாட்டை நூலின் வைப்புமுறையாலும் வரியமைப்பாலும் காட்டினார். இருபதாம் நூற்றாண்டின் தமிழ்ப் பாடநூல்கள் அதனைச் சொல்லாற் காட்டின. கோவை பெயராய் நிற்பது. சமன்பாடு கூற்றாய் முடிவது. முன்னதற்குச் 'சுருக்குக' என்னும் ஏவலும் பின்னதற்குத் 'தீர்க்க' என்னும் ஏவலும் உரியன.

கணித ஆசிரியர் இச்சொற்களை வெறும் அடையாளங்களாகக் கருதி மனப்பாடம் செய்விக்கின்றனர். தமிழாசிரியர் இவை தமக்குரியன அல்லவென்று விடுகின்றனர். இருவருக்கும் இடையே சொல்லின் பொருள் கேட்பாரற்றுக் கிடக்கின்றது. பள்ளி ஆசிரியராயிருந்தே களஞ்சியம் தொகுத்த தூரன் அவ்விடைவெளியை அறியாதவர். எண்சுவடி, கணக்கதிகாரம் முதலியவற்றின் சொல்வழக்குகளையும், 1855 முதல் அச்சேறிய தமிழ்க் கணித நூல்களின் கலைச்சொற்களையும் ஒப்புநோக்கி வரலாற்று முறையில் ஒரு சொல்லடைவு தொகுத்தல் தமிழ்த்துறை மாணவர் மேற்கொள்ளத்தக்க பணியாகும். அதன் பயன் ஆராய்ச்சியோடு நில்லாது, 'சுருக்குக' என்னும் ஏவலைக் கண்டு தீர்க்கப் புகும் மாணவனையும் சென்றடையும்.